பணமா, நேரமா? செட்டிநாட்டுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பும் கூடுதல் ஊதியக் கேள்வியும்

ஆய்வின் எல்லை

சிவகங்கை மாவட்டத்தின் செட்டிநாட்டுப் பகுதியில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2024 ஜூன் முதல் 2025 டிசம்பர் வரை நடந்தவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. நன்றாகக் கற்பிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரை அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் வழிகாட்டச் செய்து, அதற்காக அவருக்கு மாதந்தோறும் கூடுதல் தொகை வழங்க வேண்டும் என்று ஊரைச் சேர்ந்த ஒருவர் முன்வந்தார். அது எப்படி வேறு வடிவம் பெற்றது, என்ன பயன் தந்தது, ஏன் நின்றது என்பதே பொருள். ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. இதை எழுதும் நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். விதிகளைப் படித்துச் சொல்லும் ஆலோசகனாக அந்தப் பேச்சுகளில் இருந்தவன்.

பள்ளியும் ஆசிரியையும்

ஊரில் பாதி வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. உரியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். திருமணம், சாந்தி (அறுபது, எண்பது வயது நிறைவுச் சடங்கு), கோயில் காரியம் என்றால் மட்டும் வந்து முகப்பைத் திறந்து விளக்கேற்றுவார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோ அந்த வீடுகளைக் காவல் காப்பவர்கள், ஆத்தங்குடிக் கல் பதிப்பவர்கள், சமையல் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குச் செல்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள். ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட மாணவர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 அறுபது மாணவர் வரை இரண்டு ஆசிரியர் என்று வகுத்திருப்பதால், தலைமையாசிரியர் ஒருவரும் இடைநிலை ஆசிரியை ஒருவரும் மட்டுமே இருந்தனர். தலைமையாசிரியர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் ஆசிரியை முதல் மூன்று வகுப்புகளையும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆசிரியை 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணியில் சேர்ந்தவர். இந்தத் தேதி பின்னால் இரண்டு இடங்களில் முக்கியமாகிறது. 2022இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளருக்கான பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். அவருடைய வகுப்பில் மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் பார்க்காத பத்தியையும் சரளமாகப் படித்தார்கள் என்பதை, அருகிலுள்ள பள்ளிகளை ஒன்றிணைக்கும் குறுவள மையத்தில் உள்ள எல்லாரும் அறிவார்கள்.

அதன் விளைவு வழக்கமானதுதான். யாருடைய வகுப்பு நன்றாக இருக்கிறதோ அவருடைய கைப்பேசிக்கே அழைப்பு வரும். "நாளைக்கு அந்தப் பள்ளிக்குப் போய் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டிட்டு வந்துருங்க டீச்சர்" என்று முந்தின நாள் மாலை புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி வரும். எழுத்தாணை கிடையாது, பயணப்படி கிடையாது. அவர் போகும் நாளில் அவருடைய மூன்று வகுப்புகளும் தலைமையாசிரியர் தலையில் விழும். நடமாட்டப் பதிவேட்டில் "அலுவலகப் பணி" என்று மட்டும் எழுதிவிட்டுத் தம் இருசக்கர வண்டியில் தம் செலவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்வந்தார். இப்படி ஓராண்டு போன பிறகு அவருடைய சொந்த வகுப்பில் முதல் வகுப்புப் பிள்ளைகள் பின்தங்கத் தொடங்கியதைத் தலைமையாசிரியரே கவனித்துச் சொன்னார்.

ஊதிய அமைப்பு எதற்குப் பணம் தருகிறது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் மூன்று வழிகளில் உயரும்படி அமைந்திருந்தது. முதலாவது ஆண்டுகள்: ஆண்டு ஊதிய உயர்வு, ஒரே பணியிடத்தில் பத்தாண்டு முடித்தால் தேர்வு நிலை, இருபதாண்டு முடித்தால் சிறப்பு நிலை. இரண்டாவது பதவி உயர்வு. மூன்றாவது கூடுதல் கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வு. மூன்றாவது வழி 2020 மார்ச் 10 நாளிட்ட அரசாணையால் அடைக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 2021இல் பட்டயம் அல்லது இளநிலைப் பட்டத்துக்கு 10,000, முதுநிலைப் பட்டத்துக்கு 20,000, முனைவர் பட்டத்துக்கு 25,000 ரூபாய் என ஒரே தடவை வழங்கும் தொகை வந்தது. இந்த மூன்றில் எதுவும் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. நாற்காலி மாறினால் ஊதியம் மாறும். நாற்காலி மாறாமல் பொறுப்பு மட்டும் கூடினால் மாறுவதற்கு இடமே வைக்கப்படவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இடைநிலை ஆசிரியர்களின் பழைய குறை. ஆறாவது ஊதியக் குழு நடைமுறைக்கு வந்தபோது, 2009 மே 31 வரை பணியில் இருந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாகவும், 2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்தவரின் அடிப்படை ஊதியம் 5,200 ரூபாயாகவும் வைக்கப்பட்டது. ஒரே கல்வித் தகுதி, ஒரே வேலை, ஒரு நாள் இடைவெளியில் 3,170 ரூபாய் வேறுபாடு. அதன் மேல் அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் ஏறிக்கொண்டே போவதால் அந்த இடைவெளி ஆண்டுதோறும் அகன்றது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்ற முழக்கத்தோடு ஆசிரியர்கள் சென்னையில் பலமுறை உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான்.

இப்போது இந்த ஆசிரியையை அந்தக் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். அவர் வழிகாட்டப் போன பள்ளிகளில் இருந்தவர்களில் பலர் 1990களில் சேர்ந்தவர்கள். சொல்லிக்கொடுக்கப் போகிறவர், கேட்டுக்கொள்ள இருப்பவரைவிட வெகுவாகக் குறைந்த சம்பளம் வாங்குபவர். இது சம்பளச் சிக்கலாக மட்டும் நிற்கவில்லை. ஒரு பள்ளியில் ஓய்வை நெருங்கிய ஆசிரியை ஒருவர், "எனக்குச் சொல்லித் தரவா உங்களை அனுப்பியிருக்காங்க?" என்று புன்னகையோடு கேட்டார். கேள்வியில் பகை இல்லை. ஆனால் பதில் சொல்ல இவரிடம் ஓர் ஆணைத்தாள்கூட இல்லை.

முன்மொழிவு வந்த விதம்

2024 ஜூனில் ஊரைச் சேர்ந்த நகரத்தார் குடும்பம் ஒன்று பெரியவரின் சாந்திக்காக வந்திருந்தது. மூத்த மகன் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வேலை பார்ப்பவர். பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியரைப் பார்க்க வந்தவர், கட்டடமோ கணினியோ வேண்டும் என்பார்கள் என எதிர்பார்த்திருந்தார். தலைமையாசிரியர் தம் ஆசிரியையின் நிலையைச் சொன்னார்.

அவர் உடனே தாம் வாழும் மாநிலத்தின் சட்டத்தை எடுத்துப் பேசினார். 2016இல் அங்கே முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு நிலையான சட்டப் பிரிவுகளாக ஆக்கப்பட்ட ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிறந்த ஆசிரியரை வகுப்பறையிலிருந்து எடுத்து நிர்வாகத்தில் உட்கார வைக்காமல், நாளின் ஒரு பகுதி கற்பித்துக்கொண்டே சிறு ஆசிரியர் குழுவை வழிநடத்த விடுகிறார்கள். அந்தக் குழுவினர் கற்பிக்கும் மாணவர்களின் முன்னேற்றத்துக்கும் அவர் பொறுப்பேற்கிறார். அதற்காக வழக்கமான ஊதியத்துக்கு மேல் ஒரு தொகை பெறுகிறார். தம் மகள் படித்த பள்ளியில் இதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன அவர், அதேபோல் இந்த ஆசிரியைக்கு மாதம் 10,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தாம் தருவதாக எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தார்.

வெளிநாட்டு முறைகளைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம் என்பதால், நான் கூடவே டெக்சாஸ் மாநிலத்தையும் எடுத்துக் காட்டினேன். அங்கே 2019இல் நிறைவேறிய சட்டம் ஆசிரியர்களை மூன்று தரங்களாக அடையாளம் கண்டது. முதல் தரத்துக்கு ஆண்டுக்கு 3,000 முதல் 9,000 டாலர், இரண்டாவதற்கு 6,000 முதல் 18,000 டாலர், உயர்ந்த தரத்துக்கு 12,000 முதல் 32,000 டாலர் வரை மாநில நிதி என்று அந்தச் சட்டம் வகுத்தது. கிராமப்புறப் பள்ளிக்கும் வறுமை மிகுந்த பள்ளிக்கும் தொகை கூடும். ஆனால் அது ஆசிரியரின் தரத்துக்குத் தரப்படும் பணம். அவர் புதிய பொறுப்பு எதையும் ஏற்க வேண்டியதில்லை. வட கரோலினாவில் பணம் பொறுப்புக்குத் தரப்படுகிறது. நம் ஊருக்கு எது வேண்டும் என்று கேட்டபோது, நன்கொடையாளர் தயங்காமல் பொறுப்புக்குத் தரும் முறைதான் என்றார். அந்தத் தெளிவு பின்னால் பயன்பட்டது. இரண்டு மாநிலங்களிலும் பணம் சட்டத்தின் வழியாக அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது என்பதுதான் எங்கள் இடத்துக்கும் அவற்றுக்கும் உள்ள முதல் வேறுபாடு.

பரிசீலித்த வழிகள்

கொடைக்கும் செட்டிநாட்டுக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஊருக்கு ஊர் பள்ளிக் கட்டடங்கள் இப்படி வந்தவைதாம். ஆனால் அவை நிறுவனத்துக்குக் கொடுத்தவை. பணியில் இருக்கும் அரசு ஊழியர் ஒருவரின் கைக்கு மாதாமாதம் பணம் போவது முற்றிலும் வேறு விஷயம்; இதை நன்கொடையாளருக்குப் புரியவைக்கவே முதல் இரண்டு கூட்டங்களும் சரியாகப் போயின.

நேரடியாகக் கொடுப்பது முதலில் விலக்கப்பட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973 பரிசும் பணப்பயனும் பெறுவதைக் கட்டுப்படுத்துகிறது. அடிப்படை விதி 46 என்று ஒரு வாசல் உண்டு; அரசு ஊழியர் ஒருவர் தனியாருக்கு அல்லது தனியார் அமைப்புக்குக் குறிப்பிட்ட பணி செய்து, உரிய அனுமதியோடு அதற்குக் கட்டணம் பெறலாம் என்கிறது. ஆனால் இங்கே பணி தனியாருக்குச் செய்யப்படவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அரசுத் திட்டத்தில் வேலை நேரத்திலேயே வழிகாட்டுவது அவருடைய கடமையின் நீட்சி; கடமைக்குத் தனியாரிடம் கட்டணம் வாங்க அந்த விதி இடம் கொடுக்காது என்பது என் வாசிப்பு. வட்டாரக் கல்வி அலுவலரும் அவ்வாறே கருதினார்.

கூடுதல் பொறுப்பூதியம் பற்றிப் பேசும் அடிப்படை விதி 49ஐயும் புரட்டினோம். வேறொரு பணியிடத்தின் பொறுப்பை முறையான ஆணையின் பேரில் வகிப்பவருக்கு உரியது அது. வழிகாட்டி ஆசிரியர் என்று ஒரு பணியிடமே இல்லாதபோது எதன் பொறுப்பை வகிக்கிறார் என்று காட்டுவது?

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கில் பணத்தைப் போட்டு "மதிப்பூதியம்" என்ற பெயரில் கொடுக்கலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். சுற்றி வந்தாலும் அது அதே பணம்தான். தணிக்கையில் மாட்டுபவர் நன்கொடையாளரல்லர், ஆசிரியை. அவரே அதை மறுத்தார். "நாளைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போதும், பதினாலு வருசச் சர்வீசு போயிரும்" என்றார். கூட்டத்தில் அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டத்தின் வழியாகக் கொடுப்பது பாதுகாப்பானது. ரசீதும் கிடைக்கும், வரிச் சலுகையும் கிடைக்கும். ஆனால் அது பள்ளியின் தேவைகளுக்கானது. பணியில் உள்ள ஆசிரியருக்கு மேலூதியம் தர அதைப் பயன்படுத்த முடியாது.

எல்லா வழியும் அடைபட்ட நிலையில், ஆசிரியைக்கு உண்மையில் எது குறைகிறது என்ற கேள்விக்குத் திரும்பினோம். அவர் தெளிவாகவே சொன்னார்: தாம் வெளியே போகும் நாளில் தம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், போவதற்கு ஒரு தாள் வேண்டும். பணம் மூன்றாவதாகத்தான் வந்தது. அவருக்குப் பணம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததை அவர் வரிசையில் பின்னுக்குத் தள்ளினார், அவ்வளவே.

எடுத்த முடிவும் அதன் எழுத்து வடிவமும்

நன்கொடைப் பணத்தை ஆசிரியைக்குக் கொடுக்காமல், அவருக்கு மாற்றாக வகுப்பில் நிற்கும் தற்காலிக ஆசிரியைக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நியமிக்கப்படும் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு அரசு நிர்ணயித்த தொகுப்பூதியம் 2022இல் முதலில் 7,500 ரூபாயாக இருந்து பிறகு 12,000 ஆனது. இங்கே காலிப் பணியிடம் இல்லை, அரசுப் பணமும் இல்லை. என்றாலும் அதற்குக் குறைவாகக் கொடுப்பது நியாயமில்லை என்று மாதம் 12,000 என வைத்தோம். நன்கொடையாளர் தம் தொகையை உயர்த்திக்கொண்டார்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தற்காலிக ஆசிரியை வந்தால் போதும், பாதித் தொகையில் முடியும் என்ற யோசனையும் வந்தது. தலைமையாசிரியர் அதற்கு இணங்கவில்லை. "ரெண்டு நாளைக்கு வர்ற டீச்சரைப் பிள்ளைங்க விருந்தாளியாத்தான் பாக்கும்; பாடமும் அப்பிடித்தான் நடக்கும்" என்றார். ஐந்து நாளும் வருவது, மூன்று நாள் ஆசிரியையோடு அதே வகுப்பில் இருந்து முறையைக் கற்பது, இரண்டு நாள் தனியாக நடத்துவது என்று அமைந்தது. அடுத்த கிராமத்தில் தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் பெற்று வேலையின்றி இருந்த இளம்பெண் ஒருவர் கிடைத்தார். 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டு முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்திருந்ததால், தீர்மானத்தைப் புதிய குழுவே நிறைவேற்றியது. இது முற்றிலும் தற்காலிக ஏற்பாடு, அரசுப் பணிக்கு உரிமை கோர இது அடிப்படையாகாது என்ற வரியைத் தீர்மானத்திலும் அவருடைய சம்மதக் கடிதத்திலும் சேர்த்தோம். கடுமையாகத் தோன்றும் வரிதான். ஆனால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நிரந்தரம் ஆகும் என்று காத்திருந்து வயது கடந்தவர்களை நான் அறிவேன். முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

அடுத்தது தாள். வட்டாரக் கல்வி அலுவலர் செயல்முறை ஆணை ஒன்று பிறப்பித்தார். அதில் குறுவள மையத்துக்கு உட்பட்ட மூன்று பள்ளிகள், செவ்வாய் வியாழன் ஆகிய இரு நாட்கள், கல்வியாண்டு முடியும்வரை கருத்தாளராகச் செயல்படுதல் ஆகியவை குறிக்கப்பட்டன. அந்தப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் படி அனுப்பப்பட்டது. "ஆய்வு" என்ற சொல் ஆணையில் எங்கும் வராதபடி கேட்டுக்கொண்டோம். ஆய்வு செய்ய வருபவருக்கு வகுப்பறை வேறு முகம் காட்டும்.

முதல் ஆண்டு

2024 செப்டம்பரில் தொடங்கியது. முதல் மாதம் மூன்று பள்ளிகளிலும் அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கக் கேட்டார். எண்ணும் எழுத்தும் முறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பயிற்சி நூல் கொடுக்கிறார்கள். ஒரு பள்ளியில் மொட்டு நிலையில் இருப்பதாகப் பதிவான இரண்டாம் வகுப்புச் சிறுவன் "மரம்", "பட்டம்", "வண்டி" எல்லாவற்றையும் தடங்கலின்றிப் படித்தான். ஆசிரியை படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துவிட்டு அதே சொல்லைக் காட்டினார். சிறுவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். சொல்லை அவன் ஒருபோதும் படித்திருக்கவில்லை. படத்துக்குப் பெயர் சொல்லியிருந்தான். அந்தப் பள்ளியின் மூத்த ஆசிரியை, முன்பு புன்னகையோடு கேள்வி கேட்டவர், பக்கத்திலேயே நின்று இதைப் பார்த்தார். அன்று மாலைக்குள் அவர் தம் வகுப்பு முழுவதையும் அட்டைத் துண்டால் படத்தை மறைத்து மறுபடி சோதித்துவிட்டார். நிலைப் பட்டியலில் பாதிப் பெயர்கள் ஒரு படி கீழே இறங்கின.

இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அடுத்து அவர்கள் இருவரும் எடுத்தது. கீழே இறங்கிய பட்டியலை அப்படியே, பிள்ளைகளின் நிலையைப் பதியும் செயலியில் பதிவேற்றினால் அந்தப் பள்ளி பின்தங்கியதாகத் தெரியும். மூத்த ஆசிரியைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். பதிவேற்றாவிட்டால் பிள்ளைகளுக்குத் தவறான நூலே தொடரும். உண்மையான நிலையைப் பதிவேற்றி, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வட்டார அலுவலகத்தில் கொடுத்தார்கள். ஆணை இருந்ததால்தான் இளையவரின் கையெழுத்துக்கு அங்கே எடை இருந்தது. மார்ச்சுக்குள் அந்த வகுப்பில் பெரும்பாலோர் படமில்லாமல் சொற்களைப் படித்தனர். சிலர் சிறு வாக்கியங்களுக்கு வந்தனர்.

இரண்டாவது பள்ளியில் மாற்றம் கணக்குப் பாடத்தில் மட்டும் தெரிந்தது. மூன்றாவது பள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே தலைமையாசிரியர் பணியிடம் காலி. இருந்த ஒரே ஆசிரியர் பொறுப்புத் தலைமையாசிரியராகவும் ஐந்து வகுப்புக்கும் ஆசிரியராகவும் இருந்தார். ஆசிரியை போகும் நாட்களில் அவர் பிள்ளைகளை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பதிவேடுகளை முடிப்பார். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழிகாட்டுதல் என்பது இருக்கும் ஆசிரியரை மேம்படுத்தும். இல்லாத ஆசிரியரின் இடத்தை அது நிரப்பாது.

சொந்தப் பள்ளியில் முதல் வகுப்பின் பின்னடைவு சரியானது. அதற்குப் பெரும் காரணம் தற்காலிக ஆசிரியை என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தார்.

பெட்ரோல் செலவு கடைசிவரை ஆசிரியையின் கையிலிருந்துதான் போயிற்று. பயணப்படி கோரி அனுப்பிய பட்டியல் நிதி ஒதுக்கீடு இல்லை என்று திரும்பி வந்தது. நன்கொடைப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி சொன்னபோது, பத்து ரூபாய் வாங்கினாலும் வாங்கியதுதான் என்று மறுத்துவிட்டார்.

இரண்டாம் ஆண்டு

2025 ஜூனில் ஆணை புதுப்பிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றித் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்கள், முன்பே நியமிக்கப்பட்டவர்களானாலும், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேர்ச்சியின்றிப் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு பெற முடியாது என்பது அதன் சாரம்.

தகுதித் தேர்வைக் குறைந்தபட்சத் தகுதியாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அறிவிக்கை 2010 ஆகஸ்ட் 23 நாளிட்டது. நம் ஆசிரியை அதற்குச் சில மாதங்கள் முன்பு சேர்ந்தவர், தேர்வு எழுதியவரல்லர். ஓய்வுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்ததால் குறைந்த ஊதியம். ஆகஸ்ட் 2010க்கு முன் சேர்ந்ததால் தகுதித் தேர்வு கேட்கப்படாமல் வந்து இப்போது கேட்கப்படும் நிலை. அவரிடம் கற்றுக்கொண்ட மூத்த ஆசிரியைக்கோ ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவு. அவரைத் தேர்வு தொடவில்லை. நம் ஆசிரியைக்கு மாற்றாக வகுப்பில் நின்ற இளம்பெண் தேர்ச்சி பெற்றவர், ஆனால் வேலை இல்லாதவர். மூவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நாளில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் இறுதியில் ஆசிரியை தம்மைக் கருத்தாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கேட்டு எழுதினார். தேர்வுக்குப் படிக்க மாலை நேரங்கள் வேண்டும். வெளிப்பள்ளிகளுக்கான தயாரிப்பை மாலையில்தான் செய்துவந்தார். சிலர் அவரைத் தொடரச் சொல்லி வற்புறுத்த விரும்பினார்கள். தலைமையாசிரியரும் நானும் அதை எதிர்த்தோம். அந்தப் பொறுப்பால் அவருக்கு ஊதியத்தில் ஒரு ரூபாய் கூடியதில்லை, பணிமூப்பில் ஒரு நாள் கூடியதில்லை. தேர்வில் தவறினால் மட்டும் இழப்பு முழுவதும் அவருடையது. டிசம்பரில் விடுவிப்பு ஆணை வந்தது. அவருடைய பணிப் பதிவேட்டில் கருத்தாளராகச் செயல்பட்ட காலத்தைப் பதியக் கேட்ட விண்ணப்பத்துக்கு இதை எழுதும்வரை பதில் இல்லை.

மாற்ற வேண்டியவை

பணத்தை நேரமாக மாற்றிக் கொடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்; இருந்த விதிகளுக்குள் வேறு எதுவும் நிலைத்திருக்காது. ஆனால் அதை முன்மாதிரியாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. வெளிநாட்டில் மகன் இருக்கும் ஊருக்குத் தற்காலிக ஆசிரியை கிடைப்பார்; இதே மாவட்டத்தில் மானாமதுரைக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்குக் கிடைக்க மாட்டார்.

அதே ஏற்பாட்டை மறுபடி செய்வதாக இருந்தால் மூன்றாவது பள்ளியைத் தேர்ந்திருக்க மாட்டோம். ஓராசிரியராக நடக்கும் பள்ளிக்கு முதலில் ஆள் கேட்டு எழுதுவதே முறை. பயணப்படிக்கான ஒதுக்கீட்டை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் குறுவள மைய நிதியிலிருந்து ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற்ற பிறகுதான் ஆணையை வாங்க வேண்டும். பணிப் பதிவேட்டில் பதிவு செய்யப்படும் என்ற வரி முதல் ஆணையிலேயே இருக்க வேண்டும். பின்னால் கேட்பது கிடைப்பதில்லை.

அரசு இதைச் செய்ய முன்வந்தால் சட்டமன்றம் வரை போக வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி அமைந்த பணி விதிகளில் திருத்தமும் நிதித் துறையின் ஓர் ஆணையும் போதும். ஆனால் அந்தத் திருத்தத்தில் சில இல்லாமல் தொகையை மட்டும் அறிவித்தால் அது இன்னொரு ஊதிய முரண்பாடாகத்தான் முடியும். பொறுப்பு என்ன, எத்தனை ஆசிரியருக்கு, வாரத்தில் எத்தனை நேரம் என்ற வரையறை வேண்டும். விடுபடும் நேரத்துக்கு மாற்று ஆசிரியர் பணியிடம் அதே ஆணையில் வர வேண்டும். இது இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை. தேர்ந்தெடுக்கும் முறையில் வகுப்பை நேரில் பார்ப்பது சேர வேண்டும். கூடுதல் தொகை பொறுப்போடு வந்து பொறுப்போடு போகும் சிறப்புப் படியாக இருந்தால் பதவி உயர்வு வரிசையோடு மோதாது. விரும்பும்போது பழைய வகுப்புக்குத் திரும்பும் உரிமையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2009க்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியத்தின் விழுக்காடாகக் கொடுத்தால் பழைய இடைவெளி இதிலும் தொடரும் என்பதால் நிலையான தொகையாக இருப்பது நல்லது. மாணவர் தேர்வு மதிப்பெண்ணோடு தொகையை இணைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்: நிலைப் பட்டியலைக் கீழிறக்கிக் கையெழுத்திட்ட அந்த இரு ஆசிரியைகளும் அப்படி ஒரு விதியின் கீழ் அதைச் செய்திருப்பார்களா என்று யோசித்துப் பார்க்கலாம்.

நன்கொடையாளரின் மூன்றாண்டுத் தொகையில் பாதிக்கு மேல் இன்னும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் இருக்கிறது. தற்காலிக ஆசிரியை 2026 ஏப்ரல் வரை முதல் மூன்று வகுப்புகளில் தொடர்வார் என்று பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானித்துள்ளது. அவர் மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே பதிவேடுகளையும் நாளைய பாடத்துக்கான அட்டைகளையும் முடித்து வைத்துவிடுவதால், ஆசிரியைக்குத் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் நேரம் அந்த அளவுக்குக் கிடைக்கிறது.